லாரிக்கு ஆள் அனுப்பாத அலுக்பா

சோக்பா குன்றுக்கு ஏறிவரும் பாதையில் ஒரே ஒரு ஆள்தான் நடக்க முடியும். இரண்டு பக்கமும் முட்செடி. மழைக்காலம் முடிந்ததும் ஊரே கூடிப் பட்டுப்போன இடங்களில் புதிதாக நடுவோம். அபோமே அரசனின் படை அடிமைகளாக விற்க ஆள்பிடிக்க வந்த காலத்து வேலி அது. அரசன் போனான், பிடிபட்டவர்களை வாங்கிப் போன கப்பல்காரர்கள் போனார்கள், முள் மட்டும் வருடா வருடம் தழைக்கிறது. ரோடு இல்லை என்று சர்க்காரை வாய்கிழியத் திட்டுகிறோமே, ரோடு அளக்க வந்தவர்களைக் கல்லெறிந்து விரட்டியதும் நாங்கள்தான்.

இதையெல்லாம் முகத்துக்கு நேரே கேட்டவள் அலுக்பா ஒருத்திதான்.

"நம்மகிட்டத் தூக்கிட்டுப் போக என்ன இருக்கு, பாறையா?"

"அடிவாரத்துல தோவி ஊர்க்காரன் இருக்கான்ல. அவன் முப்பாட்டன்தான் படைக்கு வழி காட்டினவன்" என்பார் ஊர்ப்பெரியவர் அகோசு.

"முப்பாட்டன் செத்துட்டான் பெரியப்பா. இவன் லாரி ஓட்டுறான்."

அவள் புருஷன் இறந்த வருடம் மகள் ஹுவேஃபாவின் படிப்பு நின்றுபோனது. தக்காளி விளைந்து கோட்டனூ நகரத்துச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால் பெண்ணைத் திரும்பப் பள்ளிக்கூடம் அனுப்பலாம். அதற்காகத்தான் பாறை இடுக்கு மண்ணையெல்லாம் கொத்தி நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து முதுகொடிந்தாள். காய்த்தது, கொள்ளை கொள்ளையாகக் காய்த்தது. லாரி பேச அவளே தோவிக்குப் போனாள். ஓட்டுநர் லொகொசு, எங்கள் பக்கத்து வழக்கப்படி, விஷமில்லை என்று தான் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத் தண்ணீர் கொடுத்தான். அவளும் குடித்தாள். தோவி வீட்டுத் தண்ணீரா என்று எங்கள் ஊரில் பல பேர் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

தாயும் மகளும் கூடை கூடையாகத் தலையில் சுமந்து அடிவாரத்தில் இறக்கினார்கள். கடைசி நடையில் அலுக்பா பாறையில் சறுக்கி விழுந்தாள். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. இரவை இருவரும் அடிவாரத்திலேயே கழித்தார்கள்; விடிந்ததும் லாரி வந்தது. மேலே தோவிப் பெண்கள் அவரவர் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கூடைகளை ஏற்றி முடித்த லொகொசு கேட்டான்.

"கூட யாரு வர்றது? சொந்தக்காரங்க நின்னுதான விக்கணும்."

அலுக்பாவால் நிற்கக்கூட முடியவில்லை. ஊரில் ஒருவரும் வரமாட்டார்கள்.

"நான் போறேன்மா" என்று ஹுவேஃபா அதற்குள் சக்கரத்தில் கால் வைத்து ஏறிவிட்டாள். ஒரு தோவிக்காரி நகர்ந்து இடம் விட்டாள்.

"வா புள்ள, எங்ககூட உக்காரு. சந்தைக்குப் போய்ட்டு வந்துரலாம்."

அந்தக் காலத்தில் எங்கள் பிள்ளைகளைப் படை மட்டுமா பிடித்தது? தெரிந்தவர்கள், சிரித்த முகத்தோடு, சந்தைக்குப் போய்வரலாம் என்று கூப்பிட்டும் கொண்டுபோய் விற்றார்கள். குன்றில் பிறந்த யாருக்கும் இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எறங்கு" என்றாள் அலுக்பா.

"அம்மா, தக்காளி..."

"எறங்குடி."

லொகொசு முகம் செத்துப்போயிற்று. "அக்கா, மேல உக்காந்திருக்கிறது என் பொண்டாட்டி."

"தெரியும் தம்பி. நீ நல்லவன்தான். சரக்கை மட்டும் கொண்டுபோ."

"ஆள் இல்லாத சரக்கை நான் வித்துட்டு வந்தா, நாளைக்கு உங்க ஊரே என்னைத் திருடன்னு சொல்லும். எங்க ஆளுங்க பட்ட பேரு போதும்க்கா."

கூடைகளை ஒவ்வொன்றாக, அடிபடாமல் இறக்கி வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

வெயில் ஏறியது. அடிக்கூடைகள் கசியத் தொடங்கின. லாரி போன சத்தம் கேட்டு இறங்கிவந்த அகோசு, நடந்ததை அறிந்ததும் அவள் தலையில் கை வைத்தார்.

"இப்பத்தான்டி நீ நம்ம ஊர்ப் பொண்ணு."

வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. ஹுவேஃபா தாயின் முகத்தைப் பார்க்காமல், எடுத்தவரை லாபம் என்று ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினாள். இனி அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அலுக்பா ஈ மொய்க்கும் தக்காளிக்கு நடுவில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். அந்த லாரி இப்போதே திரும்பி வந்து நின்றாலும் தான் அதையேதான் சொல்வோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.