நான் சொல்லாமல் விட்ட மூன்றாம் மாடி

"முதலாம் வருட மாணவிக்கு ஆய்வுகூடக் கதவின் திறப்பைக் கொடுப்பீர்களா?" என்று மச்சாள் அந்தப் பேராசிரியரிடம் ஆங்கிலத்தில் கேட்ட கணம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், மொன்றியலிலிருந்து கிழக்கே பேருந்தில் இரண்டு மணி நேரம் போனால் வருகிற ஒரு சிறிய பல்கலைக்கழகம். சேர விரும்புகிறவர்களுக்கு வளாகத்தைத் திறந்து காட்டும் நாள் அது. மற்றப் பிள்ளைகள் கட்டணத்தையும் நீச்சல் குளத்தையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் சிரித்துவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே கூட்டிப்போனார். ஓட்டில் சிறு சதுரம் வெட்டிய ஒரு கோழிமுட்டையை நுண்ணோக்கியின் கீழே வைத்தார். அதைத் திறந்தவள் ஒரு முதலாம் வருட மாணவிதான் என்றார். மச்சாள் குனிந்து பார்த்தாள், வெகுநேரம் நிமிரவில்லை. "இதயம் அடிக்குது," என்று தமிழில் என்னிடம் சொன்னாள்.

அவள் என் அப்பாவின் தங்கையின் மகள். பதினான்கு வயதில் தனியாக வந்து எங்களோடு தங்கினாள். தாய் கொழும்பில் இருந்தார். மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் இரண்டறை வீட்டில் ஓர் அறை பெண்பிள்ளைகள் எங்கள் இருவருக்கும். பள்ளிக்கூடத்தைப் பிரெஞ்சில் முடித்து, பல்கலைக்கழகத்துக்கு முந்திய இரண்டு வருடப் படிப்புக்கு ஒரே சீஜெப் கல்லூரியில் சேர்ந்தோம். இருவருக்கும் மருத்துவம்தான் ஆசை. நல்ல புள்ளிகள் மட்டும் போதாது, ஆய்வு செய்த அனுபவமும், எங்களை நேரில் அறிந்த பேராசிரியர்களின் கடிதங்களும் வேண்டும் என்று அங்கே ஓர் ஆலோசகர் சொன்னார். நான் அதைக் கேட்டுத் தலையாட்டினேன். மச்சாள் வேலையில் இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டெப்பனர் என்கிற தெருமுனைச் சில்லறைக் கடை ஒன்றில் வேலைக்கு நின்றவள், மற்ற நாட்களில் நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் கடிதம் எழுதினாள். கேள்வி ஒன்றுதான்: முதல் இரண்டு வருடத்துக்குள் ஆய்வுகூடத்துக்குள் போகலாமா? பெரிய இடங்கள் அச்சடித்த புத்தகங்களை அனுப்பின. அந்தச் சின்ன இடத்திலிருந்து மட்டும் ஒருவர் கைப்பட எழுதி, வந்து பாருங்கள் என்றார்.

அன்று மத்தியானம் மாணவர் விடுதியைக் காட்ட ஒரு குழுவைக் கூட்டிப்போனார்கள். "நீ போய் இருக்கிற இடத்தைப் பாத்திட்டு வா, நான் இஞ்ச நிக்கிறன்," என்றாள் மச்சாள். பேராசிரியர் அவளோடு பேசிக்கொண்டிருந்தார். நான் அங்கே நின்ற ஒரு மணி நேரத்தில் அவர் என்னிடம் என் பெயரைத் தவிர எதையும் கேட்கவில்லை. நான் தனியே விடுதிக்குப் போனேன். முதல் இரண்டு மாடிகளில் ஆண்களும் பெண்களும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். மூன்றாம் மாடி பெண்களுக்கு மட்டும். அதற்கென்று தனிக்கதவு, தனிக்குளியலறை. வழிகாட்டிய பெண் ஓர் அறையைத் திறந்து காட்டினாள். இரண்டு கட்டில்கள், யன்னலுக்கு வெளியே மேப்பிள் மரங்கள். எங்களுக்கென்றே போட்டு வைத்தது போல இருந்தது.

அடுத்த நாள் மச்சாள் கடைக்குப் போயிருந்தாள். அப்பா டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். அன்று அவருக்கு விடுமுறை. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்:

"போறதெண்டால் ரெண்டு பேரும் ஒண்டாத்தான் போகவேணும். அங்க பொம்பிளைப் பிள்ளையள் தங்கிற இடம் எப்பிடி?"

"பெடியளும் பெட்டையளும் ஒரே மாடியிலதான் அப்பா," என்றேன்.

முதல் இரண்டு மாடிகளைப் பொறுத்தவரை அது உண்மை. அப்பாவின் கை நின்றது. பிறகு மீண்டும் உரித்தார். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

வீட்டைவிட்டுப் போகப் பயந்து அப்படிச் சொன்னேன் என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயமும் இருந்ததுதான். ஆனால் வாயைத் திறந்தபோது என் கண்முன் நின்றது அந்தப் பேராசிரியர் அவளைப் பார்த்த பார்வை. சின்ன இடத்தில் யார் கெட்டிக்காரி என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பெரிய இடத்தில் இருவரும் கூட்டத்தில் கலந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அப்பா மச்சாளிடம் காரணத்தைச் சொல்லவில்லை. தங்கையின் மகளிடம் பெடியள், அறை என்றெல்லாம் கதைக்கக் கூச்சப்படுகிற மனிதர் அவர். "அது தூரம் பிள்ளை. இஞ்சயே ரெண்டு பேரும் படியுங்கோ," என்றார். அவள் இரண்டு நாள் கெஞ்சினாள். "நான் மட்டும் எண்டாலும் போறன் மாமா," என்றாள். அவர் தலை நிமிராமல் "வேண்டாம்" என்றார். நான் பக்கத்து அறையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

இருவரும் டவுன்டவுனில் உள்ள பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தோம். விரிவுரை மண்டபத்தில் பின்வரிசையிலிருந்து பார்த்தால் பேராசிரியரின் முகமே தெரியாது. மச்சாள் ஆய்வுகூடக் கதவுகளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் வருடத்தில் வா என்றார்கள். இரண்டாம் வருடத்தில் அப்பா கோயிலில் பழகிய ஒரு தமிழ்நாட்டுப் பேராசிரியரிடம் அவருடைய ஆய்வுகூடத்தில் எங்களுக்கு இடம் கேட்டார். "ஒருத்தருக்குத்தான் சார் இடம் இருக்கு," என்றார் அவர். அப்பா என் பெயரைச் சொன்னார், அந்த இடம் எனக்குக் கிடைத்தது. அன்று மெட்ரோவில் திரும்பும்போது மச்சாள் மெதுவாகச் சொன்னாள்:

"நான் உன்னை முந்திப்போடுவன் எண்டு மாமாவுக்குப் பயம். அதுதான் அந்தச் சின்ன இடத்துக்கும் விடேல்லை."

அடுத்த நிலையம் வரும்வரை உண்மையைச் சொல்ல எனக்கு அவகாசம் இருந்தது. அதற்கடுத்த நிலையங்களும் வந்தன. எங்கள் நிலையம் வந்ததும் அவளுக்கு முன்னே இறங்கினேன்.

மருத்துவத்துக்கு எனக்கு இடம் கிடைத்தது. அவள் இரண்டு தரம் விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்குக்கூட அழைப்பு வரவில்லை. ரொறன்ரோவுக்குப் போய், ஒரு மருத்துவமனையில் இரத்த மாதிரிகளைப் பரிசோதிக்கும் வேலையில் சேர்ந்தாள். கெட்டிக்காரி என்று அங்கே பெயர் எடுத்தாள், கல்யாணம் செய்தாள், நன்றாகத்தான் இருந்தாள். என்னோடு தொலைபேசியில் கதைப்பாள். அப்பா எடுத்தால் இரண்டு வார்த்தையோடு முடித்துவிடுவாள். அப்பா நோயில் கிடந்தபோது, "அவள் வருவாளோ?" என்று மூன்று நான்கு தரம் கேட்டார். அவள் வரவில்லை. செத்த வீட்டுக்கும் வரவில்லை.

சென்ற மார்கழியில் வந்தாள். என் மகள் இப்போது மருத்துவத்துக்கு முந்திய அதே படிப்புக்குப் பல்கலைக்கழகம் தேடுகிறாள், ஆலோசனை கேட்பது மச்சாளிடம்தான். மொன்றியலின் ஓரத்துத் தீவான இல்-பிசாரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருவரும் பட்டியல் போட்டார்கள். "பேரைப் பாக்காதை. முதல் வருசமே உள்ள விடுவினமோ எண்டு கேள்," என்று அவள் சொல்லிக்கொடுத்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மகள் வெளியே போனதும் சொல்லிவிட்டேன். மூன்றாம் மாடி, அப்பா கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், எல்லாவற்றையும்.

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"அப்ப மாமா?" என்றாள்.

"அப்பாவுக்கு நான் சொன்னது மட்டும்தான் தெரியும். உனக்குச் சொல்ல அவருக்குக் கூச்சம்."

"என்னைக் கேட்டவரோ, கடைசியில?"

"ஓம். கேட்டவர்."

தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள். மாமாவின் சாம்பலை எங்கே கரைத்தீர்கள் என்று கேட்டாள். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றில்தான் என்றேன். எழுந்து கோட்டைப் போட்டாள், சப்பாத்தைக் கட்டினாள். நானும் என் கோட்டை எடுத்தேன்.

"நீ வராதை," என்றாள்.

யன்னலருகே நின்று பார்த்தேன். பனியில் முழங்காலளவு புதைந்து புதைந்து கரைவரை போனாள். ஆறு ஓரத்தில் உறைந்து நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவள் உதடுகள் அசைவது தெரிந்தது. என்ன சொன்னாள் என்று திரும்பி வந்தபின் நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.