பீடம் கடலில் விழுந்த தேவாலயம்

டென்மார்க்கின் சுண்ணாம்புப் பாறை விளிம்பில் பாதித் தேவாலயம் நிற்கிறது. பீடம் இருந்த பகுதி எப்போதோ கடலில் விழுந்துவிட்டது. அங்கே ஒரு கதவு, திறந்தால் நேரே நீர். இந்த நாட்டுக்கு வரும் வழியில் கிரீஸில் கடலோர இடிபாடுகளுக்குள் ஒரு குளிர்காலம் முழுவதும் படுத்தெழும்பியவன் நான். அங்கேகூட இப்படியொரு கதவைப் பார்த்ததில்லை.

தலைநகரை அடுத்த புரொண்பியிலிருந்து வந்திருக்கும் மன்னார் அக்கா ஒருவர் கதவருகில் மெழுகுதிரி கொளுத்துகிறார். காற்று மறுபடி மறுபடி அணைக்கிறது.

"தம்பி, உங்கட ஜக்கெற்றைக் கழட்டி ஒருக்கா மறைச்சுப் பிடிக்கிறியளே?"

பிடிக்கிறேன். "ஆருக்கு அக்கா?"

"என்ர மனுசனுக்கு. மீன்பிடிக்கப் போனவர், வரேல்லை. இண்டைக்குக் கல்லறைத் திருநாள். எல்லாரும் கல்லறையில கொளுத்துவினம். எனக்கு எங்க கல்லறை? இங்க பீடமே கடலுக்கதான் கிடக்கு."

திரி பிடித்துக்கொள்கிறது. கைகள் விறைக்கின்றன. அது எரிந்து முடியும்வரை ஜக்கெற்றை இறக்கப்போவதில்லை.