மாதிரிக் கிராமத்தில் ஒரு கிணறு

கம்பெனியின் குடும்ப தினத்துக்கு இந்த முறை எங்களைப் பாகலூர் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கும் ஒரு ‘பாரம்பரிய கிராம’த்துக்குக் கூட்டிப்போனார்கள். ஊத்தங்கரைப் பக்கம் ஆயுசெல்லாம் கூலி வேலை செய்த என் அம்மாவும் வந்தாள்.

“கிராமத்துல இன்னா பாக்கறதுக்கு பஸ்சு வெச்சி இட்டுனு போறாங்க?” என்றாள்.

வாசலில் எல்லோருக்கும் சந்தனம் வைத்தார்கள். எங்கள் ஊரில் எங்களுக்கு யாரும் வைத்ததில்லை. உள்ளே சாணம் மெழுகிய தரை என்று காட்டியது, பச்சைப் பெயின்ட் அடித்த சிமென்ட். கொல்லர் வேடம் போட்டவர் யாராவது செல்போனைத் தூக்கினால் மட்டும் சுத்தியலைத் தூக்கினார்.

காதில் மைக் மாட்டிய வழிகாட்டிப் பெண், “அந்தக் காலத்துல ஊரே ஒரே குடும்பமா இருந்தாங்க” என்று ஆரம்பித்தாள். பண்ணையார் வீடு, கோயில், சாவடி எல்லாம் காட்டினாள்.

“காலனி எங்கம்மா?” என்று கேட்டேன்.

“ஸ்டாஃப் குவார்ட்டர்ஸா சார்?”

“கூலிக்காரங்க தெரு.”

கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். “அது பிளான்ல இல்ல சார். ஊருக்கு வெளியே பார்க்கிங்தான் இருக்கு.”

எங்கள் எச்.ஆர். அதிகாரி என் முழங்கையைப் பிடித்து, “ஜாலியா வந்திருக்கோம், விடுங்க” என்றார். ஒரே குடும்பம் அல்லவா, விட்டேன்.

அடுத்து கிணறு. “அம்மா, நீங்க தண்ணி சேந்துங்க, போட்டோ எடுக்கலாம். உங்களுக்குப் பழக்கம்தானே?” என்றாள் வழிகாட்டி.

“பழக்கமில்ல. கவுத்தத் தொட உடமாட்டாங்க” என்றாள் அம்மா, சாதாரணமாக. குடத்தைத் தரையில் வைத்துவிட்டு, யாராவது மனம் வந்து, தொடாமல் உயரத்திலிருந்து ஊற்றும்வரை வெயிலில் நின்றவள் அவள். வழிகாட்டி மைக்கை அணைத்தாள்.

அம்மா கயிற்றைப் பிடித்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். இடுப்பளவு ஆழம், அடியில் நீல டைல்ஸ். இருந்தும் வாளியை இறக்கி நிரப்பி இழுத்தாள். அதிகாரி கேமராவைப் பார்த்தபடி இரு கைகளையும் குவித்து நீட்டினார்.

“இன்னும் குனி சார்” என்றாள் அம்மா.

குனிந்தார். உயரத்திலிருந்து ஊற்றினாள். சட்டை நனைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

சாயங்காலமே அந்தப் படம் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது: ‘நம் வேர்களைத் தேடி.’ பஸ்ஸில் அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துச் சிரித்தாள்.

“அடுத்த வருசம் கடலு இருக்கற ஊருக்கு இட்டுனு போவச் சொல்லுடா. அங்க யாரும் மொண்டு ஊத்த வேணாம்” என்றாள்.