அண்ணி முகர்ந்த காற்று

எங்கள் தீவுக்கு வருகிறவர்கள் வெள்ளை மணலைப் படமெடுப்பார்கள், ஆமைகள் முட்டையிடும் இடத்தை எட்ட நின்று பார்ப்பார்கள், பிறகு பவளப்பாறை பார்க்கக் கடலுக்கடியில் இறங்குவார்கள். முதுகில் கட்டும் சிலிண்டரை எல்லோரும் ஆக்ஸிஜன் சிலிண்டர் என்றே சொல்வார்கள். "ஆக்ஸிஜனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நீங்க இப்ப இழுக்கிற இதே காத்துதான்" என்பார் என் அண்ணி. அந்தக் காற்றை அடைப்பதுதான் முப்பது வருடமாக அவர் வேலை.

கடைக்குப் பின்னால், கடலைப் பார்த்த சின்ன அறை. நடுவில் கம்ப்ரஸர், சுவரோரம் சிலிண்டர்கள், ஜன்னலுக்கு வெளியே நீட்டிய, காற்றை உறிஞ்சும் குழாய். ஒவ்வொரு சிலிண்டரும் நிரம்பியதும் அண்ணி வால்வை இலேசாகத் திருகி, சீறி வரும் காற்றை முகர்ந்து பார்ப்பார். எண்ணெய் வாடையோ புகை வாடையோ இல்லையென்றால்தான் வாயில் மஞ்சள் டேப் ஒட்டுவார். அழுத்தத்தைப் பார்க்க மீட்டர் இருந்தது. வாசனைக்கு அண்ணியின் மூக்குதான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னைக்கூட இவ இவ்வளவு சோதிக்கல" என்று அண்ணன் சிரிப்பான். விருந்தாளிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போவது அவன் வேலை. அவர்கள் காலுக்குத் துடுப்பு மாட்டிவிடுவதும், எந்தப் படகை எங்கே கட்டுவது என்று சொல்வதும் அவன் தங்கையான என் வேலை. எனக்கு வாய் நீளம், அதனால் படகோட்டிகள் கேட்பார்கள்.

பதினாறு வருடத்துக்கு முன் ஒரு நாள் அண்ணிக்குச் சளி. மூக்கு முழுக்க அடைத்திருந்தது. சொன்னால் அன்றைய பயணம் நின்றுவிடும், தூரத்திலிருந்து வந்த குடும்பம் ஏமாந்துபோகும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் நடக்க முடியாத ஒரு பெரியவர் இருந்தார். மணல் சுடுகிறதே என்று நான் படகைப் பின்பக்கப் படியிலேயே கட்டச் சொன்னேன். காற்றை உறிஞ்சும் குழாய் நீட்டியிருந்த அண்ணியின் ஜன்னலுக்கு நேர் கீழே. "எஞ்சினை நிறுத்தாதீங்க, இதோ வந்துடுவாங்க" என்றும் சொன்னேன். அவர்கள் வர அரைமணி ஆனது.

அந்த அரைமணியில் அடைத்தது ஒரே ஒரு சிலிண்டர்தான், அண்ணனுடையது. விருந்தாளிகளுக்கு முதலில், தன் புருஷனுக்குக் கடைசியில் என்பது அண்ணியின் வழக்கம். எப்போதும்போலக் குனிந்து முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. மஞ்சள் டேப்பை ஒட்டிவிட்டார்.

பாறைக்குப் பக்கத்தில் ஆமையைக் காட்டிக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே கண்ணை மூடினான் என்று சொன்னார்கள். கரைக்குக் கொண்டுவந்தபோது முகம் சிவந்திருந்தது, தூங்குகிறவன் மாதிரி. உயிர் இல்லை.

விசாரிக்க அதிகாரிகள் வந்தார்கள். "எனக்குச் சளி. வாசனை தெரியல. சொல்லாம அடைச்சேன். என் தப்பு" என்றார் அண்ணி. ஏதோ படகுப் புகை என்று எழுதிக்கொண்டு போனார்கள். படகோட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயைத் திறக்கவில்லை. நானும் அங்கேயேதான் நின்றேன். நீளமான என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் கேவலம். வருடக்கணக்கில் அண்ணியைக் கரித்துக்கொட்டினேன். "எங்க அண்ணனை முழுங்கிட்டு உக்காந்திருக்கா" என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். அவரோ அண்ணன் போன மூன்றாம் வாரமே கம்ப்ரஸரைப் போட்டு, பழையபடி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

போன மாதம் அவருக்கு வாசனை உணர்வு அறவே போய்விட்டது. இனி திரும்பாது என்றார் டாக்டர். மறுநாள் காலை அண்ணி என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டு, மஞ்சள் டேப்பை என் கையில் வைத்தார். "இனிமே நீ முகர்ந்து பாரு."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணி, அன்னைக்குப் படகை இங்க கட்டச் சொன்னது நான்தான்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கே. ஜன்னலுக்குக் கீழ சுவரெல்லாம் படகுப் புகைக் கரி. நீ சொல்லாம எவன் இங்க கட்டுவான்? அதிகாரிங்க வர்றதுக்கு முன்னாடி நான்தான் சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவினேன்."

"ஏன் அண்ணி?"

"நம்ம வீட்ல மிச்சம் இருந்தது நீ ஒருத்திதானே."

நான் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணி தடுக்கவில்லை. முதல் சிலிண்டர் நிரம்பியதும் வால்வைத் திருகிவிட்டு, "குனி" என்றார். குனிந்தேன். காற்று முகத்தில் அடித்தது. அழுததில் மூக்கு அடைத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. வாசலில் ஆறு பேர் துடுப்பு மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அண்ணி, எனக்கு வாசனை தெரியல" என்றேன்.

அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "அப்ப இன்னைக்கு யாரும் இறங்க வேண்டாம்" என்று கம்ப்ரஸரை நிறுத்தினார்.