வெள்ளையம்மா பங்கிட்ட மாத்திரை

என் அண்ணி வெள்ளையம்மாவுக்கு எதையும் தனியாகச் சாப்பிடத் தெரியாது. யோங் பெங்கில் ஒரு தமிழ்ப்பள்ளிக் காண்டீனில் பதினேழு வருஷமாகச் சமைக்கிறார். மீகூன் நூடுல்ஸ் கிளறினால் கடைசியில் வரும் பிள்ளைக்கும் முதலில் வந்த பிள்ளைக்கும் ஒரே அளவு இருக்கும். வீட்டில் ஒரு ரம்புத்தான் இருந்தாலும் உரித்து எனக்குப் பாதி தருவார். விதை இருக்கும் பக்கம் அவருக்கு.

என் அண்ணன் கமலநாதன் இறந்து ஆறு வருஷமாகிறது. சர்க்கரை நோய் சிறுநீரகத்தில் போய் முடிந்தது. மூன்று வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், டயாலிசிஸ். அண்ணிதான் கூடப் போய் உட்கார்ந்திருப்பார். அண்ணனுக்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். நான் வீட்டிலிருந்தே துணி தைக்கிறேன். எங்கள் இருவருக்கும் சர்க்கரை உண்டு. அண்ணிக்குப் பேய் பயம் கிடையாது, பாம்பு பயம் கிடையாது. அந்த டயாலிசிஸ் இயந்திரத்தின் பயம் மட்டும் உண்டு.

போன வருஷம் அரசாங்க கிளினிக்கில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள். சர்க்கரைக்காரர்களின் சிறுநீரில் புரதம் போவதைக் குறைத்தால் டயாலிசிஸைத் தள்ளிப்போட முடியுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. அரசாங்கப் பணத்தில் நடப்பது. அதற்காக ஸ்கூடாயிலிருந்து பிரேமலா என்ற தாதி காரோட்டி வருவாள். முப்பது வயது இருக்கும். நிதானமாகப் பேசுவாள். தமிழில் அச்சடித்த தாளை வரி வரியாகப் படித்துக் காட்டினாள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்.

இருவரும் ரத்தம் கொடுத்தோம். அண்ணியை எடுத்துக்கொண்டார்கள். என்னை எடுக்கவில்லை. என் சிறுநீரகம் வேலை செய்யும் அளவு அவர்கள் வைத்திருந்த கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டே அண்ணி பின்னால் திரும்பித் திரும்பிச் சத்தம் போட்டார்.

"நல்லா இருக்கிறவளுக்கு மருந்து குடுக்கிறாங்க, மோசமா இருக்கிறவளுக்கு இல்லையாம். இது என்ன நியாயம் லா?"

"ரோட்டைப் பாருங்க அண்ணி."

"ரோடு எங்கயும் போயிடாது. நீ சொல்லு, நியாயமா?"

நான் அவர் இடுப்பை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அண்ணி மாத்திரையை விழுங்கினார். அதற்கு மறுநாள் காலை அந்த டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"இன்னைக்கு உனக்கு, அங்கம்மா."

"அது உங்களுக்குக் குடுத்தது."

"எனக்குக் குடுத்தா என்னோடது. என்னோடதை நான் யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன். விழுங்கு, காப்பி ஆறுது."

விழுங்கினேன். ஒரு நாள் அவர், ஒரு நாள் நான். டப்பாவில் முப்பது மாத்திரை. நாலு வாரம் கழித்துப் போகும்போது மீதி ரெண்டு இருக்கவேண்டும். பிரேமலா நீலத் தட்டில் கொட்டி, சின்னக் கரண்டியால் ஒதுக்கி எண்ணுவாள்.

"ரெண்டு. ரொம்பச் சரி, ஆன்ட்டி. எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா என் வேலை சுலபம்."

அண்ணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். நான் சுவரில் ஒட்டியிருந்த டெங்கிக் கொசுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஆறாம் மாதப் பரிசோதனையில் அண்ணியின் புரதம் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. பிரேமலா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு நாளும் விடாம சாப்பிட்டும் குறையலையே, ஆன்ட்டி. இனிமே தினம் ரெண்டா ஏத்தணும். அப்படித்தான் திட்டத்துல இருக்கு."

அண்ணி முகம் மலர்ந்தது. எனக்கு ஏன் என்று உடனே புரிந்தது. வெளியே வந்து ஹெல்மெட் மாட்டும்போது சொன்னார்: "இனிமே சண்டையே இல்ல. தினமும் ஆளுக்கு ஒண்ணு."

அது நடந்து மூன்றாவது வாரம் என் கால்கள் கனக்கத் தொடங்கின. தையல் மிஷின் பெடலை மிதிக்கவே சிரமமாக இருந்தது. படியேறினால் நெஞ்சு படபடத்தது. வயசு என்று நினைத்தேன். அண்ணி விடவில்லை, கிளினிக்குக் கூட்டிப் போனார். ரத்தம் எடுத்தார்கள். மதியமே டாக்டர் கூப்பிட்டார். இளம் மலாய்க்காரப் பெண். பொட்டாசியம் ஏறியிருக்கிறது, இன்னும் ஏறினால் இருதயத்தைத் தாக்கும் என்றார். பிறகு மலாயில் கேட்டார், கிளினிக் மருந்தைத் தவிர வேறு ஏதாவது சாப்பிடுகிறேனா, நாட்டு மருந்து, கடையில் விற்கும் மருந்து, ஏதாவது.

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

சொன்னால் அண்ணியை ஆராய்ச்சியிலிருந்து தூக்கிவிடுவார்கள். அண்ணன் உட்கார்ந்த டயாலிசிஸ் நாற்காலிக்கும் அண்ணிக்கும் நடுவில் இருந்தது அந்த மாத்திரை ஒன்றுதான் என்று அவர் நம்பினார். அதை என் வாயால் எப்படிப் பறிப்பது? "இல்லை" என்றேன்.

"இருக்கு டாக்டர்," என்றார் அண்ணி. மலாயில், காண்டீனில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் அதே குரலில். "என் மருந்தை இவளுக்குக் குடுத்தேன். ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. இவ மேல தப்பில்ல. இவ வாயைத் திறந்து எதையும் வேணாம்னு சொல்ற ஆள் இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அன்று பிரேமலா வரும் நாள். பக்கத்து அறையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவள் "அலமாக்" என்று சொல்லி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. முதலில் என் பக்கம் திரும்பி, கடைசியாக எப்போது விழுங்கினேன் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள்.

"அவங்களை ஏன் எடுக்கலன்னு நினைச்சீங்க, ஆன்ட்டி?"

"மோசமானவளுக்குக் குடுத்து வீணாக்க வேணாம்னு."

"இல்ல. அவங்க கிட்னி இந்த மருந்தைத் தாங்காம போகலாம்னுதான். நான் அதைச் சரியா சொல்லாம விட்டிருக்கேன்."

என் கையைப் பிடித்திருந்த அண்ணியின் விரல்கள் இறுகின. பிறகு கேட்டார், "என் பேரை எடுத்துடுவீங்க, இல்ல?"

"இன்னைக்கே மேலே ரிப்போர்ட் அனுப்பணும். அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்க்கணும். ஆனா இதுக்காக யாரையும் பேர் வெட்டி நான் பார்த்ததில்ல."

"பொய் சொன்னவளை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"நாளைக்கு இது நல்ல மருந்துன்னு தெரிஞ்சா நாடு முழுக்கக் குடுப்பாங்க. அப்போ வீட்டுக்கு வீடு உங்களை மாதிரி ஒரு ஆள் இருப்பாங்க, ஆன்ட்டி. அதுவும் எங்களுக்குத் தெரியணும்."

டாக்டர் மாத்திரையை நிறுத்தி, பொட்டாசியத்தை இறக்க ஒரு தூள் கொடுத்தார். பத்தே நாளில் இறங்கிவிட்டது. அதைக் கேட்டதும் அண்ணிக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. பிரேமலாவைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"இவளுக்கு ஏறுச்சு இல்ல? நிறுத்துனதும் இறங்குச்சு இல்ல? அப்போ நம்மளது வெறும் மாவு இல்ல. மருந்துதான்!"

"அப்படிச் சொல்ல முடியாது, ஆன்ட்டி. இளநீர் குடிச்சாலும் ஏறும்."

"இவ இளநீர் குடிச்சு நான் பார்த்ததே இல்ல."

"தூளாலயும் இறங்கியிருக்கலாம்."

"உனக்குத் தெரியும், சொல்ல மாட்ற."

"சத்தியமா எனக்குத் தெரியாது!"

மேலிடத்திலிருந்து பதில் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் அண்ணி காண்டீனில் ஒரு நாள் உப்பை இரண்டு முறை போட்டார், இன்னொரு நாள் போடவே மறந்தார். பதில் வந்தது. அண்ணியின் பெயர் அப்படியே இருக்கும். மறுபடி ஒரு மாத்திரையிலிருந்து தொடங்கவேண்டும். நடந்ததெல்லாம் கோப்பில் இருக்கும். ஆராய்ச்சியில் இருக்கும் மற்றவர்களிடமும், வீட்டில் வேறு யாராவது அதைச் சாப்பிடுகிறார்களா என்று கேட்கச் சொல்லியிருந்தார்கள். பிரேமலா கேட்டாள். பொந்தியானில் ஒருவர் மனைவிக்குக் கொடுத்திருந்தாராம். அதைக் கேட்டு அண்ணி, "பாவம், நல்ல மனுஷன்," என்றார்.

தனியாக விழுங்குவது அவருக்குப் பழகவில்லை. முதல் சில நாட்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார். நான் கேட்டதற்கு, "உன் முன்னால சாப்பிட ஒரு மாதிரியா இருக்கு," என்றார். நானும் என் பங்குக்குக் கிளினிக்கில் எழுதித் தந்த மாத்திரைகளை மேஜையில் வரிசையாக வைத்து அவரைக் கூப்பிட்டேன். அவருக்கு ஒன்று, எனக்கு நான்கு. எண்ணிப் பார்த்துவிட்டு, "நீதான் பணக்காரி," என்று சிரித்தார்.

மூன்று மாதம் கழித்து முடிவு கேட்கப் போனோம். பிரேமலா தாளை எடுக்குமுன் அண்ணி கேட்டார், "அங்கம்மாவோட பொட்டாசியம் எப்படி?"

"அது டாக்டர் பார்ப்பாங்க. முதல்ல உங்களோடது கேளுங்க. புரதம் குறைஞ்சிருக்கு. கொஞ்சம்தான். ஆனா குறைஞ்சிருக்கு."

அண்ணி துள்ளவில்லை. மேஜை விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம்னா, எத்தனை வருஷம்?"

பிரேமலாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. எனக்கு ஆகவில்லை. அண்ணனை முதன்முதல் அந்த நாற்காலியில் உட்காரவைத்த அன்றும் அண்ணி இதைத்தான் கேட்டார். அப்போது யாரும் பதில் சொல்லவில்லை.

"தெரியாது, ஆன்ட்டி," என்றாள் பிரேமலா. "அதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை பேரும் வந்துட்டிருக்கீங்க. உங்களுக்கு மருந்தா மாவான்னுகூட இப்போ தெரியாது."

"எப்போ தெரியும்?"

"இன்னும் ரெண்டு வருஷம்."

அண்ணி யோசித்தார். ரெண்டு வருஷத்துக்கு எட்டுப் பள்ளி விடுமுறையா, பத்தா என்று கணக்குப் போடுகிற முகம். பிறகு ரத்தம் எடுக்கக் கையை மேஜைமேல் நீட்டி, சட்டைக்கையை மேலே சுருட்டிவிட்டார்.

"சரி, கண்டுபிடிங்க. அடுத்த தேதியைப் புதன்கிழமை மட்டும் போடாதே. அன்னைக்குக் காண்டீன்ல நாசி லெமாக் சமைக்கிற நாள்."