கடவுச்சொல் கைக்கு வந்த நாள்

நாவற்குடாவில் வாவியைப் பார்த்த ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில்தான் நான் கணினி படிப்பித்தேன். எங்கள் நிலையம் முதலில் கடற்கரைப் பக்கம் இருந்தது. கடல் ஊருக்குள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று வகுப்பு இல்லாதபடியால் நாங்கள் மிஞ்சினோம். கணினிகள் மிஞ்சவில்லை. நிலையத்தின் பொறுப்பாளர், நாங்கள் எல்லோரும் சேர் என்று கூப்பிடுகிறவர், அவற்றை மணலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, கிணற்றுத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்துப் பார்த்தார். ஒன்றுகூட இயங்கவில்லை. பிறகு அவர் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, யாரோ கழித்துவிட்ட பழைய கணினிகளைக் கேட்டு வாங்கி, இந்த மாடியில் வகுப்பைத் திரும்பத் தொடங்கினார். அவரோடு நான் மோத வேண்டி வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். அதனால் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வகுப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். செட்டிபாளையத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். புருஷனையும் மூத்த மகளையும் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய இரண்டு பிள்ளைகளை வளர்க்க ஒரு தொழில் வேண்டும், தமிழில் வேகமாக அடிக்கப் பழகினால் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, பக்கத்தில் மனு அடித்துக்கொடுக்கும் கடைகளில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காத்தான்குடியிலிருந்து ஒரு தங்கச்சி வந்தாள். வாப்பாவின் புடவைக் கடைக்குக் கணக்குப் பார்ப்பவள். கணவர் கட்டாரில். ஆண்களில் எனக்கு நன்றாக நினைவிருப்பவர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர். தட்டச்சு இயந்திரத்தில் காலம் கழித்தவர் என்பதால் விரல்கள் பறக்கும். அவரை ஐயா என்போம்.

வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்த காலம் அது. எங்கள் பக்கம் சண்டை ஓய்ந்திருந்தாலும் சோதனைச் சாவடிகள் ஓயவில்லை. பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கி, வரிசையில் நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏறி வரவேண்டும். வகுப்பு எட்டரைக்கு என்று பலகையில் எழுதியிருந்தாலும் எல்லோரும் வந்து சேர்ந்தால்தான் தொடங்குவேன்.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று எங்களுக்குப் புத்தம்புதுக் கணினிகளை அனுப்பியது. சேர் அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெட்டிகளை உடைத்தபோது வந்த பிளாஸ்டிக் மணத்தை நாங்கள் எல்லோரும் மூக்கு முட்ட இழுத்தோம். திரைகள் ஒளிர்ந்தன. அதோடு எங்கள் மகிழ்ச்சி முடிந்தது.

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளையே அடியோடு மாற்றிவிட்டிருந்தார்கள். வழக்கமாக இடது மூலையில், தொடங்கு என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் பச்சைப் பட்டன் இல்லை. அங்கே கண்ணாடி உருண்டை ஒன்று இருந்தது. சன்னல்களின் ஓரங்கள் பின்னால் இருப்பது தெரியும்படி மினுங்கின. கடிதம் அடிக்கும் மென்பொருளில் மேலே வரிசையாக இருந்த பெயர்ப் பட்டியல்கள் போய், சின்னச் சின்னப் படங்கள் நிறைந்த அகலமான பட்டி ஒன்று வந்திருந்தது. உலகம் முழுக்க இதை ஏசிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகுதான் இணையத்தில் படித்தேன். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், நேற்றுவரை தெரிந்திருந்த ஒன்று இன்று தெரியவில்லை என்பதுதான்.

ஐயா அரைமணி நேரம் திரையைப் பார்த்தபடி இருந்துவிட்டு, தன் வீட்டுக்குள் யாரோ புகுந்து சாமான்களையெல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனதுபோல இருக்கிறது என்றார். அச்சிடும் கட்டளையைத் தேடித் தேடிக் களைத்து, அன்று நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கும் கோபம்தான். படிப்பிக்கிறவளுக்கே இடம் தெரியாவிட்டால் படிக்கிறவர்கள் என்ன செய்வார்கள்?

காத்தான்குடித் தங்கச்சிக்கு மட்டும் அது பிடித்துவிட்டது. பழைய கணினிகளில் கணவர் தமிழில் எழுதி அனுப்பினால் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். புதியதில் திறந்த உடனே தமிழ் தமிழாகவே தெரிந்தது. அவள் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் யாரையும் பார்க்காமல் இருந்தாள். பழசைத் திரும்பப் போடச் சொல்லி மற்றவர்கள் என்னை நெருக்கியபோது அவள் ஒருத்தி எதிர்த்து நின்றாள். மூன்று நாள் பழகினால் எல்லாம் சரிவரும் என்றாள். உனக்கென்ன, கடைக் கணக்குக்கு இரண்டு பட்டன் போதும் என்று மற்றவர்கள் சொல்ல, வகுப்பில் சத்தம் கூடியது.

செட்டிபாளையத்து அக்கா அந்தச் சண்டையில் சேரவில்லை. அவருடைய சிக்கல் வேறு. கடைகளில் தமிழ் அடிப்பதற்கு ஒரு தனி எழுத்துருவை வைத்திருந்தார்கள். அதில் பழகினால்தான் வேலை. அந்த எழுத்துருவை நான் பென்ட்ரைவில் கொண்டுவந்து, கணினிக்குள் போடச் சொல்லிக்கொடுத்தேன். அக்கா நான் சொன்னபடி செய்தார். சட்டென்று திரை முழுவதும் இருண்டது. நடுவில் ஒரு பெட்டி மட்டும் வெளிச்சமாக வந்தது. தொடர்வதற்கு அனுமதி வேண்டும், பொறுப்பாளருடைய கடவுச்சொல்லைத் தரவும் என்று ஆங்கிலத்தில் கேட்டது.

அக்கா கையை மவுசிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். நான் பெட்டியில் இருந்ததை வாசித்துப் பொருள் சொன்னேன்.

"அப்ப இதுவும் கேக்குது, நீ ஆர், ஆரட்டக் கேட்டு வந்த எண்டு" என்றார் அக்கா.

முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தக் கடவுச்சொல் சேரிடம் மட்டும்தான் இருந்தது. கணினிகளைக் கொண்டுவந்து பொருத்திய கொழும்புக் கம்பனி, வேறு யாரும் உள்ளே கை வைத்தால் பழுதுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தது. ஆகவே எழுத்துருவைப் போடவும், மணிக்கூட்டைத் திருத்தவும், அச்சு இயந்திரத்தை இணைக்கவும் சேரைக் கூப்பிட வேண்டும். அவர் அறையிலிருந்து வருவார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விசைப்பலகையை மறைத்து அடிப்பார். திரை வெளிக்கும். அவர் போவார். அவர் கச்சேரிக்குப் போன நாட்களில் ஒருத்தியும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியான ஒரு நாளில் அக்கா இருட்டுத் திரைக்கு முன்னால் மதியம்வரை இருந்துவிட்டு பஸ் ஏறினார். அடுத்த கிழமை முழுவதும் வகுப்புக்கு வரவில்லை. ஐயாவும் வரவில்லை.

நான் சேரின் அறைக்குப் போய் இரண்டு விஷயம் கேட்டேன். கடவுச்சொல்லைத் தாருங்கள். விரும்பியவர்களுக்குப் பழைய தோற்றத்தை வைத்துக்கொடுக்க விடுங்கள். அவர் மறுத்தார். தந்தவர்கள் அடுத்த மாதம் பார்க்க வருகிறார்கள், புதியதைப் பழசாக்கி வைத்திருப்பதைக் கண்டால் இனி எங்களுக்கு ஒரு பென்சில்கூடத் தரமாட்டார்கள் என்றார். அவர் குரலில் அதிகாரத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது. மணலுக்குள் கணினியைத் தோண்டிய மனிதருக்கு அந்தப் பயம் வராமல் வேறு யாருக்கு வரும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஆனாலும் நான் சமாதானமாகவில்லை. ஞாயிறன்று செட்டிபாளையத்துக்குப் போய் அக்காவைக் கண்டேன். அவர்கள் வரும் நாளில் வந்து, இந்தக் கணினியைப் பற்றி மனதில் உள்ளதைச் சொல்லுங்கள், மொழிபெயர்க்கப்போவது நான்தான் என்றேன். அவர் வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு எனக்கு ஒரு கோப்பை தந்தார்.

நிறுவனத்திலிருந்து வந்தவர் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா. கூடவே கணினிக் கம்பனியின் ஆள் ஒருவர். சேர் காலையிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்லத மட்டும் சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டார். நான் தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. அக்கா வந்திருந்தார், பின்வரிசையில். ஐயாவும் வந்திருந்தார்.

வந்த அம்மா நேராகக் கேட்டார், புதிய கணினி எப்படி இருக்கிறது என்று. அக்கா எழுந்தார்.

"அம்மாக்குச் சொல்லுங்க டீச்சர். கொம்பியூட்டர் தந்ததுக்குப் பெரிய நன்றி. ஆனா இது எங்கள நம்புதில்ல. நான் வீட்டில இருந்து இங்க வாறதுக்குள்ள எத்தின இடத்தில இறங்கி ஐடென்டிக் கார்ட்டக் காட்டுறன். இங்க வந்து குந்தினாப் பிறகும், ஒராள் வந்து ஓம் எண்டு சொன்னாத்தான் என்ட எழுத்து வரும் எண்டா, நான் என்னத்தப் படிக்கிற?"

சேர் என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல்லையும் விடாமல், ஒன்றையும் மெழுகாமல், அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். நம்பவில்லை என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னேன்.

அந்த அம்மா பேனையை மூடி வைத்துவிட்டு அக்காவின் கணினிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். காட்டு என்று சைகை செய்தார். அக்கா எழுத்துருவைப் போடப் போனார். திரை இருண்டது. இருவரும் கொஞ்ச நேரம் அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது காத்தான்குடித் தங்கச்சி எழும்பினாள். "எனக்கு இந்தப் புதுசு நல்ல விருப்பம்" என்றாள். "தமிழ் வடிவாத் தெரியுது. இதக் கழட்ட வேணாம். ஆனா அக்கா சொல்றது நியாயம். தந்த சாமானுக்குத் துறப்பையும் தரணும்." எங்கள் பக்கம் துறப்பு என்றால் சாவி. நான் அதையும் சொன்னேன். ஐயா தன் பங்குக்கு, எனக்கு என் பழைய பட்டியல்கள் வேண்டும், அவ்வளவுதான் என்று தானே ஆங்கிலத்தில் சொன்னார்.

கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று அம்மா கேட்டார். கம்பனிக்காரர் ஏதோ விளக்கம் சொல்லத் தொடங்க, அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கணினிகள் கம்பனிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குத்தான் சொந்தம், எப்படி வைத்துக்கொள்வது என்பதை நீங்களே முடிவெடுங்கள், அதற்காக எங்கள் உதவி ஒன்றும் குறையாது என்றார். கடைசி வசனத்தை நான் சேரைப் பார்த்துத்தான் மொழிபெயர்த்தேன்.

சேர் எல்லோருக்கும் கேட்கும்படி கடவுச்சொல்லை வாய்விட்டுச் சொன்னார். எங்கள் நிலையத்தின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்தான் அது. மாடி முழுவதும் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இதற்காகவா இத்தனை நாள் முதுகைக் காட்டினீர்கள் என்று ஐயா கேட்க, சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அக்கா அந்தச் சொல்லைத் தன் விரலாலேயே, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். திரை வெளித்தது. தமிழ் வந்தது. முதலில் செட்டிபாளையம் என்று அடித்தார். பிறகு தன் மூன்று பிள்ளைகளின் பெயரையும் அடித்தார். மூத்தவளின் பெயரும் அதில் இருந்தது. வகுப்பே கதிரைகளை விட்டு எழும்பி வந்து அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

அடுத்த இரண்டு கிழமையும் எனக்குத் திருவிழாப்போல இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எப்படி வேண்டும் என்று கேட்டேன். ஐயாவுக்கு மூலையிலிருந்த ஒரு கணினியில் பழைய மென்பொருளையே முழுமையாகப் போட்டுக்கொடுத்தேன். சிலர் புதியதையே வைத்துக்கொண்டு தோற்றத்தை மட்டும் பழையபடி மாற்றச் சொன்னார்கள். தங்கச்சி கண்ணாடி மினுக்கத்தை ஒரு துளியும் குறைக்க விடவில்லை. அக்கா எல்லோரையும் வியக்க வைத்தார். புதியதே இருக்கட்டும், இனி வரப்போவது இதுதானே என்றார். ஆனால் கடவுச்சொல்லை அன்றே மாற்றிக்கொண்டார். சேர் தானாகவே வந்து பலகையில் இருந்த எட்டரையை ஒன்பதாக்கினார், பஸ்ஸில் வருகிறவர்களுக்காக.

படிப்பு முடிவில் நடந்த பரீட்சையில் எங்கள் வகுப்பில் யாரும் தவறவில்லை. அக்காவுக்குக் கச்சேரிக்கு முன்னாலுள்ள கடையில் வேலை கிடைத்தது. வேலை செய்துகொண்டே சனிக்கிழமைகளில் எனக்கு உதவியாகப் படிப்பிக்க வந்தார்.

சண்டை முடிந்த பிறகு அந்த நிறுவனம் வாகரைப் பக்கத்துக்கும் கணினிகளை அனுப்ப விரும்பியது. இந்தத் தடவை முதலில் சேருக்குத் தகவல் வந்தது. அங்குள்ள பெண்களிடம் முன்கூட்டியே போய், எப்படி வேண்டும் என்று கேட்டு வரும்படி. சேர் என்னையும் அக்காவையும் ஒரு வேனில் ஏற்றி அனுப்பினார். இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்து, தகரக் கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கியிருந்த மீனவக் குடும்பங்கள் அவை. பொதுமண்டபத்தில் பெண்கள் பாயில் அமர்ந்திருந்தார்கள். அக்கா இரண்டு கணினிகளை மேசையில் வைத்து, ஒன்றில் பழையதையும் மற்றதில் புதியதையும் காட்டினார். எது வசதி, என்ன பிடிக்கவில்லை, வெட்கப்படாமல் சொல்லுங்கள் என்றார். அவர் குரல் மண்டபத்தின் கடைசிவரை போனது.

அவர்களுக்குப் பழசு என்று ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே ஒருமுகமாகப் புதியதைக் கேட்டார்கள். கண்ணாடி உருண்டை பிடித்திருக்கிறது என்றார்கள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

ஒரு பெண் மட்டும் கேட்டாள், "நாங்க தெரியாமத் தட்டிப் பழுதாக்கிப் போட்டா?"

"பழுதானாத் திருத்துவம்" என்றார் அக்கா. "நான் வருவன்."

சொன்னபடி அவர் போனார். மாதம் ஒருமுறை வாகரைக்குப் பஸ் ஏறினார். அடுத்த வருடம் அங்கிருந்து முதல் தொகுதிப் பெண்கள் பரீட்சைக்கு வந்தபோது, சேரும் நானும் வாசலில் நின்று வரவேற்றோம். அவர்களை அழைத்து வந்த அக்காவை, அவர்கள் டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள்.