பேண்ட் இல்லாத பள்ளிக்கூடம்

தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வேலை பார்ப்பவர் படிப்பிப்பதைவிடப் பயப்படுவதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்; யுத்த காலத்தில் மலையில் கற்பித்த ஆசிரியர்களான உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பலாங்கொடைக்கு மேலே, நான்கே ஆசிரியர்கள் இருந்த ஆரம்பப் பாடசாலை எங்களுடையது. விளையாட்டு, நாடகம், மாணவர் நலன் எல்லாவற்றையும் அதிபர் என் தலையில் கட்டிவிட்டார்.

வெளிச்சம் இருக்கும்போதே

விளையாட்டுப் போட்டிக்காகப் பாடசாலை விட்டபின் அணிநடைப் பயிற்சி வைத்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பொலிஸும் ராணுவமும் அடிக்கடி சோதனை நடத்திய நேரம் அது. அடையாள அட்டை இல்லாதவர்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். தோட்டத்தில் பலருக்கு அது கிடையாது. பயிற்சி கொஞ்சம் நீண்டாலும் தகப்பன்மார் வேலியோரம் வந்து நின்றுவிடுவார்கள். விளையாட்டு உடம்புக்கு நல்லது என்று நான் சொல்லப்போக, ஒருவர் சொன்னார்:

"ஒடம்ப அப்புறம் பாத்துக்கலாங்க டீச்சர். மொதல்ல புள்ள வெளிச்சத்தோட வீட்டுக்கு வரட்டும்."

கொடி பிடித்த செல்வி

ஐந்தாம் வகுப்புச் செல்வியின் அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தான். சுற்றிவளைப்பில் பிடிபட்டான் என்று செய்தி வந்தது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வரவில்லை. பிள்ளை பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவளை எப்படித் தேற்றுவதென்று எனக்குத் தெரியவில்லை. பயிற்சிக் கல்லூரியில் அதற்குப் பாடம் வைக்கவில்லை. கொடியை அவள் கையில் கொடுத்து அணிக்கு முன்னால் நிறுத்தினேன். இந்த நேரத்தில் கொடி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அவள் அம்மா மாரியாயி திட்டுவாள் என்று பயந்தேன். கொழுந்துக் கூடையோடு வந்து நின்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"புடிக்கட்டுங்க டீச்சர். வீட்ல இருந்தா ரோட்டையேதான் பாத்துக்கிட்டிருக்கா."

மெதுவான அடி

பேண்ட் வாத்தியத்துக்கு நாங்கள் எங்கே போவது? கோயில் தப்பு மேளத்தை இரவல் வாங்கினோம். பிள்ளைகள் திருவிழா அடியை அடிக்க, அணி தலைதெறிக்க ஓடியது. வெளி மாவட்டத்துக்காரரான அதிபர் பொறுமை இழந்து, "மெதுவா ஒரு அடியும் தெரியாதோ?" என்று கேட்டார்.

தெரியும். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். இழவு வீட்டில் அடிக்கிற அடி அது; பிள்ளைகள் அதையே அடித்தார்கள். நான் அப்போது வகுப்பறைக்குள் ஒரு குழந்தையின் காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். நானும் லயத்தில் பிறந்தவள்தான்; சத்தம் காதில் விழுந்ததுமே விளங்கிவிட்டது. நிறுத்தச் சொல்லி ஓடுவதற்குள், மலையில் கொழுந்தெடுத்தவர்கள் கூடைகளைப் போட்டுவிட்டு இறங்கத் தொடங்கிவிட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் மாரியாயி. மகள் கொடியோடு அசையாமல் நிற்பதைப் பார்த்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"எம்மவனா டீச்சர்? சொல்லிருங்க."

மாட்டேன் என்று சொல்ல முடியாதவர்கள்

யாரும் சாகவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லி அவளுக்குப் புரியவைத்தேன். அதிபர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு தப்படித்த பிள்ளைகளிடம், "சாவுக்கு அடிக்கிறதெண்டு ஏன் சொல்லேல்லை?" என்றார்.

"பெரிய சார் கேட்டா மாட்டேன்னு சொல்லலாங்களா சார்?"

விசில்

தப்பு கோயிலுக்குத் திரும்பியது. விளையாட்டுப் போட்டிக்கு விசிலே போதும் என்று முடிவானது. போட்டிக்கு முந்தின வாரம் செல்வியின் அண்ணனை விட்டுவிட்டார்கள். மெலிந்திருந்தான், ஆனால் உயிரோடு வந்துவிட்டான். செல்வியின் வாய் ஓயவில்லை. போட்டியன்று அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் வேலியோரம் நின்று, தங்கை கொடி பிடித்து வருவதைப் பார்த்துச் சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு எனக்கும் நெஞ்சு லேசானது.

ஓட்டத்தைத் தொடங்கிவைக்க விசிலை ஊதினேன். பிள்ளைகள் ஓடினார்கள். அவன் மட்டும் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். பதறிப்போய் ஓடினேன். அம்மாவின் தோளைப் பிடித்து எழுந்தவன் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான்:

"அங்க விசில் அடிச்சா குந்தணும் டீச்சர். வீட்டுக்கு வந்துட்டது ஞாபகமில்லாம போச்சி."

அடுத்த வருடத்திலிருந்து கைக்குட்டையை அசைத்துத்தான் ஓட்டத்தைத் தொடங்கினோம். சத்தமே இல்லாமல் விளையாட்டுப் போட்டி நடத்துவதில் சப்ரகமுவ மாகாணம் முழுக்கத் தேடினாலும் எங்களை மிஞ்ச ஒரு பாடசாலை இருந்திருக்காது.